ஊர்ப் பொதுவில் ஒரு பழத்தோப்பு

‘தோப்பு’ என்னும் சொல் நமக்குப் புதிதன்று. மாந்தோப்பு, தென்னந்தோப்பு, புளியந்தோப்பு என்று சொல்லிச் சொல்லியே வளர்ந்தவர்கள் நாம். ஆனால் இந்தச் சொல் நம்மைவிட அதிகமாக ஊர் சுற்றியது என்பது பலருக்குத் தெரிந்திருக்காது. இந்தியாவில் இருந்த ஆங்கிலேயர்கள் மரக்கூட்டத்தை ‘டோப்’ என்று எழுதினார்கள். வட இந்தியாவுக்குப் போனபோதும் அதே சொல்லைத்தான் மாந்தோப்புக்கு வழங்கினார்கள். அங்குள்ள மக்களுக்கோ அச்சொல் இன்னதென்றே தெரியாது. 1886-இல் வெளிவந்த ‘ஹாப்ஸன்-ஜாப்ஸன்’ என்ற ஆங்கிலோ-இந்தியச் சொல்லகராதி இதைத் தமிழ், தெலுங்கு மொழிகளிலிருந்து வந்த சொல் என்று குறிக்கிறது. கன்னடத்திலும் இதே சொல் உண்டு. பெங்களூரைச் சுற்றியுள்ள கிராமங்களின் வருவாய்த்துறைப் பதிவுகளில் ‘குண்டுத்தோப்பு’ என்று தனியே குறித்த நிலங்களை இன்றும் காணலாம்.

குண்டுத்தோப்பு என்பது தனியார் தோப்பு அன்று. ஊர்ப் பொதுத் தோப்பு. மா, பலா, நாவல், புளி ஆகிய மரங்களை ஊரார் சேர்ந்து வளர்த்த இடம். இடையே புங்கும் ஆலும் அரசும் நிற்கும். மாடு மேய்ப்பவர்கள் வெயிலுக்கு ஒதுங்குவார்கள். வழிப்போக்கர்கள் கட்டுச்சோற்றைப் பிரிப்பார்கள். திருவிழாவும் ஊர்க்கூட்டமும் அந்த நிழலில்தான் நடக்கும். அசிம் பிரேம்ஜி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹரிணி நாகேந்திரா, சீமா முண்டோலி ஆகியோர் இத்தோப்புகளை ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். நகரம் பரவப் பரவ, பல குண்டுத்தோப்புகள் பள்ளிக்கூடமாகவும் பஞ்சாயத்து அலுவலகமாகவும் பஸ் நிற்குமிடமாகவும் குப்பை கொட்டுமிடமாகவும் மாறிப்போயின. மீதமிருப்பவற்றிலும் பல, நான்கைந்து கிழ மரங்களோடு நிற்கின்றன.

பெங்களூர் லேஅவுட்டுகளில் வாழும் நம் குடும்பங்கள் சேர்ந்து ஒரு பழத்தோப்பு வைக்க விரும்பினால், லால்பாகைப் பார்த்துக் கற்றுக்கொள்வதைக் காட்டிலும் இந்தக் குண்டுத்தோப்பைப் பார்த்துக் கற்றுக்கொள்வதே பொருத்தம் என்பது என் கருத்து. லால்பாக் 1760-இல் ஹைதர் அலி தொடங்கிய அரசத் தோட்டம். அதைப் பார்த்துக்கொள்ள அன்றுமுதல் சம்பளம் வாங்கும் ஆட்கள் உண்டு. குண்டுத்தோப்புக்குச் சம்பள ஆள் கிடையாது. ஒப்பந்தம் மட்டுமே உண்டு. எங்கள் பகுதியில் நாங்கள் ஒரு முறை தோற்று, மறு முறை ஓரளவு தேறிய அனுபவத்தையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

ஏலம் என்னும் ஏற்பாடு

எங்கள் லேஅவுட்டை ஒட்டிய பழைய கிராமத்தில் இப்படி ஒரு தோப்பின் மிச்சம் இருக்கிறது. மூன்று மா, இரண்டு நாவல், ஒரு புளி. அங்கே மாலையில் வந்து உட்காரும் பெரியவர் ஒருவரை ‘அஜ்ஜா’ என்று அழைத்துப் பேச்சுக் கொடுத்தேன். என் அரைகுறைக் கன்னடத்தைப் பொறுத்துக்கொண்டு அவர் சொன்னது இதுதான்: மாமரம் பூத்துப் பிஞ்சு பிடித்ததும் ஊர்ப் பெரியவர்கள் கூடி அந்த வருஷத்து மகசூலை ஏலம் விடுவார்கள். ஏலம் எடுத்தவர் அறுவடை வரை காவல் காக்க வேண்டும். மரத்தில் தொங்கும் பழம் அவருடையது. காற்றில் உதிர்ந்த பழம் பிள்ளைகளுடையது. அதை அவர் கேட்கக்கூடாது. நாவல் மரத்துக்கு ஏலமே கிடையாது. ஏலப்பணம் கோயில் காரியத்துக்கும் கிணறு தூர் வாருவதற்கும் போகும். ‘மரம் யாருடையது அஜ்ஜா?’ என்று கேட்டேன். ‘மரம் ஊருடையது, பழம் அந்த வருஷத்துக்காரனுடையது’ என்றார்.

இந்த ஏற்பாடு நம்மவர்களுக்கு அந்நியமானதன்று. கிருஷ்ணகிரி, தருமபுரி, வேலூர்ப் பக்கத்திலிருந்து வந்தவர்கள் நெடுஞ்சாலை ஓரத்துப் புளியமரங்களை நினைத்துப் பாருங்கள். மரத்தில் சுண்ணாம்பு அடித்து எண் எழுதியிருப்பார்கள். ஆண்டுதோறும் மகசூல் ஏலம் நடக்கும். மரம் அரசாங்கத்துடையது, புளி ஏலதாரருடையது. இதைப்போலவே தமிழ்நாட்டு வருவாய்த்துறையில் ‘2சி பட்டா’ என்று ஒன்று உண்டு. புறம்போக்கு நிலத்திலுள்ள மரத்தின் பலனை மட்டும் ஒருவர் அனுபவிக்கக் கொடுக்கும் மரப்பட்டா அது. நிலம் அவருடையதாகாது. நிலம் வேறு, மரம் வேறு, பழம் வேறு என்று பிரித்துப் பார்க்கும் இந்த அறிவு நம் பக்கத்தில் மிகப் பழையது. தொம்மலூர் சொக்கநாதசுவாமி கோயிலில் பழைய தமிழ்க் கல்வெட்டுகள் இருப்பதை நம் சங்கத்து அன்பர்கள் பலர் பார்த்திருப்பார்கள். அக்காலத்துத் தானக் கல்வெட்டுகளில் நிலத்தைக் கொடுக்கும்போது, அதன்மேல் நிற்கும் மரங்களையும் கீழே இறங்கிய கிணறுகளையும் தனித்தனியே பெயர் சொல்லிக் கொடுப்பது வழக்கம்.

இங்கிலாந்தில் 1990-களின் தொடக்கத்தில் ‘காமன் கிரவுண்ட்’ என்ற அமைப்பு, அழிந்துவரும் ஆப்பிள் தோட்டங்களை ஊர்ப் பொதுத் தோட்டங்களாகக் காக்க வேண்டும் என்று பிரசாரம் செய்தது. அமெரிக்காவின் சியாட்டில் நகரில் 2012-இல் தொடங்கிய ‘பீக்கன் ஃபுட் ஃபாரஸ்ட்’ என்ற தோட்டத்தில் யார் வேண்டுமானாலும் வந்து பறித்துக்கொள்ளலாம். நல்ல முயற்சிகள்தான். ஆனால் முன்பின் தெரியாதவர்கள் எல்லாரும் அளவோடு பறிப்பார்கள் என்ற நம்பிக்கையின் மீது நிற்பவை. அந்த நம்பிக்கையை நாங்களும் ஒரு முறை வைத்துப் பார்த்தோம்.

அறுபது கன்றுகளின் கதை

எங்கள் லேஅவுட்டில் பூங்காவுக்கென ஒதுக்கிய மூலை ஒன்று சும்மா கிடந்தது. பரப்பு எட்டுக் குண்டே. கர்நாடகத்தில் நாற்பது குண்டே ஓர் ஏக்கர். நம் கணக்கில் ஒரு குண்டே இரண்டரை சென்ட். ஆக, இருபது சென்ட் நிலம். 2013 ஜூலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை விழாவாக வைத்து அறுபது கன்றுகள் நட்டோம். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கன்று, அதில் அந்த வீட்டுப் பிள்ளையின் பெயர்ப்பலகை. புகைப்படம் எடுத்தோம், கேசரிபாத் சாப்பிட்டோம். அடுத்த ஏப்ரலில் உயிரோடு இருந்தவை பதினொன்று.

ஏன் என்று தோண்டிப் பார்த்தபோதுதான் தெரிந்தது. ஒன்றரை அடிக்குக் கீழே செங்கல் துண்டும் சிமெண்ட் கட்டியும். லேஅவுட் போட்ட காலத்தில் இடிபாடுகளைக் கொட்டி மேலே செம்மண் பரப்பியிருக்கிறார்கள். வேர் இறங்கவில்லை. அது முதல் பிழை. தண்ணீருக்கு யார் பொறுப்பு என்று எழுதி வைக்காதது இரண்டாவது. அவரவர் கன்றுக்கு அவரவர் என்றிருந்தோம். லீவில் எல்லாரும் ஊருக்குப் போய்விட்டார்கள்.

தப்பிப் பிழைத்த பதினொன்றில் கொய்யா நான்கு. அவை காய்த்தபோது அதைவிடப் பெரிய சங்கடம் வந்தது. பெயர்ப்பலகை இருந்த வீட்டார் ‘எங்கள் மரம்’ என்றார்கள். தண்ணீர் ஊற்றியவர்கள் ‘நாங்கள் வளர்த்தது’ என்றார்கள். ஒரு நாள் விடியற்காலையில் யாரோ பிஞ்சு முதல் காய் வரை மொத்தமாகப் பறித்துப் போய்விட்டார்கள். குடியிருப்போர் சங்கம் கேட்டுக்குப் பூட்டுப் போட்டது. பூட்டியதும் தண்ணீர் ஊற்ற வந்துகொண்டிருந்த இரண்டு மூன்று பேரும் வருவதை நிறுத்திவிட்டார்கள். பூங்காவென ஒதுக்கிய நிலம் பொதுமக்களுடையது, சங்கத்தின் சொத்து அன்று. பூட்டியதே தவறு என்று பிறகுதான் எங்களுக்குப் புரிந்தது. மரம் பட்டுப்போனதைவிட, எதிர் எதிர் வீட்டார் இரண்டு ஆண்டுகள் பேசாமல் இருந்ததுதான் எனக்கு வருத்தம்.

மறுபடி தொடங்கியபோது, கன்று வாங்குவதற்கு முன் விதிகளை எழுதுவது என்று முடிவு செய்தோம். அவற்றைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் நிலத்தைப் பார்ப்போம்.

ஒரு குண்டேக்கு ஒரு மாமரம்

நிலம் யாருடையது, எதற்கென ஒதுக்கியது என்பதற்கான காகிதத்தை முதலில் கையில் வைத்துக்கொள்ள வேண்டும். பூங்கா நிலமானால் மாநகராட்சியின் எழுத்து மூலமான அனுமதி வேண்டும். வாய்மொழி அனுமதி, அதிகாரி மாற்றலானதும் அவரோடு போய்விடும். கர்நாடகத்தில் 1976-ஆம் ஆண்டின் மரப் பாதுகாப்புச் சட்டப்படி பல வகை மரங்களை வெட்ட மர அதிகாரியின் அனுமதி வேண்டும். ஆகவே ‘இப்போது நெருக்கி நடுவோம், பிறகு வெட்டிக்கொள்ளலாம்’ என்ற எண்ணம் வேண்டாம்.

அடுத்து, நிலத்தின் நான்கு மூலையிலும் நடுவிலும் மூன்றடி ஆழத்துக்குச் சோதனைக் குழி தோண்டிப் பாருங்கள். இடிபாடு வந்தால் குழியை அகலமாக்கி அதை வெளியேற்றி, நல்ல மண் போட வேண்டும். செலவுதான். எங்கள் மொத்தச் செலவில் பாதிக்கும் மேல் இதற்கே போயிற்று. குழியில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றி, மறுநாளும் தேங்கி நின்றால் அங்கே பப்பாளியும் மாதுளையும் வேண்டாம்.

இடைவெளிதான் நம்மவர்கள் எப்போதும் தவறு செய்யும் இடம். ஒட்டு மாமரத்துக்குப் பத்து மீட்டர் இடைவெளி என்பது தோட்டக்கலைத் துறையின் பழைய கணக்கு. பத்து மீட்டர் என்றால் ஏறக்குறைய முப்பத்து மூன்று அடி. முப்பத்து மூன்றுக்கு முப்பத்து மூன்று என்றால் 1,089 சதுர அடி. அதுதான் சரியாக ஒரு குண்டே! ஏக்கருக்கு நாற்பது மரம் என்பதும் இதே கணக்குத்தான். இதை எங்கள் கூட்டத்தில் சொன்னபோது யாரும் நம்பவில்லை. காலால் அளந்து காட்டினேன். 60-க்கு 40 சைட் ஒன்றில் இரண்டு மாமரந்தான் தாராளமாக நிற்கும். எட்டு வைத்தால் எட்டும் வெயிலைத் தேடி ஒல்லியாக மேலே போகும். காய் எட்டாத உயரத்தில் இருக்கும். கீழே பூசணம் பிடிக்கும். இக்காலத்தில் ஆண்டுதோறும் கவாத்து செய்து நெருக்கமாக வளர்க்கும் முறையும் உண்டு. அது தவறாமல் கத்தரி பிடிக்கும் ஆள் உள்ள தோட்டத்துக்கு.

பலாவுக்கும் நாவலுக்கும் ஏறத்தாழ மாவின் இடமே வேண்டும். சப்போட்டாவுக்கு எட்டு மீட்டர், நெல்லிக்கு ஆறு, கொய்யாவுக்கும் எலுமிச்சைக்கும் ஐந்து, சீத்தாவுக்கு நாலரை முதல் ஐந்து போதும். இப்படிப் போட்டுப் பார்த்தால் எங்கள் எட்டுக் குண்டேயில் மா மூன்று, பலா ஒன்று, நாவல் ஒன்று, சப்போட்டா ஒன்று, கொய்யா மூன்று, எலுமிச்சை இரண்டு, சீத்தா இரண்டு, நெல்லி இரண்டு, மொத்தம் பதினைந்து. முன்பு நட்டது அறுபது.

உயர வளரும் மரங்களை வடக்கு ஓரத்தில் வையுங்கள். மார்கழி, தை மாதங்களில் சூரியன் தெற்கே சாய்ந்திருப்பதால், தெற்கில் பலா நின்றால் அதன் நிழல் கொய்யாவின் மேல் விழும். காம்பவுண்டுச் சுவர், பாதாளச் சாக்கடைக் குழாய் ஆகியவற்றிலிருந்து பெரிய மரங்கள் பதினைந்து இருபதடி தள்ளியே இருக்கட்டும். மின்கம்பிக்குக் கீழே எலுமிச்சையோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

எந்தப் பழம்?

கூட்டத்தில் ஓர் அன்பர் கேட்டார்: ‘நான் இருப்பது பதினொரு மாத வாடகை ஒப்பந்தத்தில். ஐந்து வருஷம் கழித்துக் காய்க்கும் மாமரத்துக்கு நான் எதற்குக் குழி வெட்ட வேண்டும்?’ கேள்வி நியாயமானது. பெங்களூரில் நம் குடும்பங்களில் பாதிக்கு மேல் இந்த நிலையில்தான் இருக்கிறோம். அவருக்காகவே பப்பாளியைச் சேர்த்தோம். நாற்று நட்ட பத்தாம் மாதம் பழம் பறிக்கலாம்; ஒப்பந்தத்துக்குள் வந்துவிடும்! அவரும் சிரித்துவிட்டார். விளையாட்டுக்குச் சொன்னாலும் இதில் ஒரு முறை இருக்கிறது. பெரிய மரங்களுக்கு இடையே உள்ள வெற்றிடத்தில் முதல் மூன்று நான்கு ஆண்டுகளுக்குப் பப்பாளியும் வாழையும் வைத்தால் ஆட்களுக்கு ஆர்வம் குறையாது. மூன்றாம் ஆண்டில் கொய்யா வந்துவிடும். சப்போட்டா, சீத்தா ஒட்டுகளும் அதை ஒட்டியே வரும். மாவும் பலாவும் ஒட்டுக்கன்றானால் நான்கைந்து ஆண்டு. பெரிய மரங்கள் விரியும்போது வாழையை எடுத்துவிடலாம்.

பெங்களூர் மாம்பழப் பெயர்கள் நம்மைக் குழப்பும். நாம் அல்போன்சா என்பது இங்கே பாதாமி. தோதாபுரி என்று இங்கே சொல்லும் கிளிமூக்கு மாங்காய்க்குத் தமிழ்நாட்டில் ‘பெங்களூரா’ என்று பெயர். கிருஷ்ணகிரியில் மாங்கூழ் ஆலைகளுக்கு மூட்டை மூட்டையாகப் போவது அதுதான். அல்போன்சாவைப் பொதுத் தோப்புக்கு நான் சிபாரிசு செய்யமாட்டேன். ஒரு வருஷம் காய்த்தால் மறு வருஷம் ஓய்வெடுக்கும். அந்த ஓய்வு வருஷத்தில் தண்ணீர் ஊற்றுபவர்களும் ஓய்வெடுத்துவிடுவார்கள். தோதாபுரி ஆண்டுதோறும் காய்க்கும். நீலத்தையும் தசேரியையும் கலந்து உண்டாக்கிய மல்லிகாவும் நல்லது. ரஸ்புரியை ருசிக்காகச் சேர்த்தோம். ஒரே ரகத்தை மூன்று வைப்பதைவிட மூன்று ரகம் வைப்பதே மேல். ஒன்றின் மகரந்தம் மற்றொன்றுக்கு உதவும். பழமும் மே முதல் ஜூலை வரை பிரிந்து வரும். நெல்லிக்கு இது கட்டாயம்: ஒற்றை மரம் பூத்துக் குலுங்கும், காய் பிடிக்காது. இரண்டு வெவ்வேறு ரகமாக வையுங்கள்.

பலா என்றால் பத்துப் பதினைந்து கிலோப் பழத்தை வெட்டுவது யார், பங்கு வைப்பது யார் என்ற கவலை வரும். தும்கூர் மாவட்ட விவசாயி ஒருவரின் மரத்திலிருந்து ஹெசரகட்டாவிலுள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் பரவச் செய்த ‘சித்து’ என்ற ரகம் ஏறத்தாழ இரண்டரைக் கிலோதான் இருக்கும். சுளை செம்பு நிறம். ஒரு குடும்பத்துக்கு ஒரு பழம். அதே நிறுவனம் வெளியிட்ட ‘அர்க்கா கிரண்’ கொய்யாவின் சதை சிவப்பு. ‘அர்க்கா சஹன்’ சீத்தாவில் கொட்டை குறைவு, சதை அதிகம், பிள்ளைகளுக்கு ஏற்றது. கன்றுகளை இந்நிறுவனத்திலோ தோட்டக்கலைத் துறையின் நாற்றங்காலிலோ வாங்குங்கள். வீதியில் தள்ளுவண்டியில் வரும் ‘ஒட்டு மா’ பெரும்பாலும் கொட்டை முளைத்த கன்றுதான். ஒட்டுப்போட்ட தழும்பு தண்டில் தெரிகிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள்.

நாட்டு மரம் மட்டுமே நட வேண்டும் என்று ஒரு கட்சி எங்கள் கூட்டத்தில் எழுந்தது. கொய்யா, சப்போட்டா, சீத்தா, பப்பாளி நான்குமே அமெரிக்கக் கண்டத்திலிருந்து கப்பலேறி வந்தவை என்று எடுத்துச் சொன்னதும் அந்தக் கட்சி கலைந்தது. நாமே வெளியூர்க்காரர்கள், கொய்யாவை மட்டும் எப்படித் துரத்துவது?

நடவும் மூன்று கோடைகளும்

நம் ஊரில் ஐப்பசி, கார்த்திகை அடைமழையை நம்பி நடுவோம். இங்கே அந்தப் பழக்கம் உதவாது. பெங்களூரில் சித்திரை கடைசியிலேயே கோடைமழை தொடங்கிவிடும்; ஜூன் முதல் தென்மேற்குப் பருவமழை தூறலாகவேனும் பெய்துகொண்டிருக்கும்; செப்டம்பர், அக்டோபரில்தான் கனமழை. ஆகவே ஆனி மாதம், அதாவது ஜூன் கடைசியில் நட்டால் கன்றுக்கு ஐந்து மாத ஈரம் கிடைக்கும். அதன் பிறகே முதல் வறட்சியைச் சந்திக்கும்.

குழியை ஏப்ரல் மாதமே வெட்டிவிட வேண்டும். மா, பலா, நாவலுக்கு மூன்றடிக் கனசதுரம். கொய்யா, எலுமிச்சை, சீத்தாவுக்கு இரண்டடி போதும். மேல் மண்ணைத் தனியாகவும் அடி மண்ணைத் தனியாகவும் குவித்து, இரண்டு மூன்று வாரம் வெயிலில் காயவிடுங்கள். பிறகு மேல் மண்ணோடு மக்கிய தொழு உரம் இருபது கிலோவும், கரையானுக்காக ஒரு கிலோ வேப்பம் பிண்ணாக்கும் கலந்து நிரப்புங்கள். பச்சைச் சாணம் கூடாது. இரண்டு மழை பெய்து மண் அமர்ந்த பின் நடுவதே முறை. அமராத மண்ணில் நட்டால் கன்று பிறகு குழிக்குள் இறங்கி, ஒட்டுப் பகுதி மண்ணுக்குள் போய்விடும். ஒட்டுத் தழும்பு எப்போதும் தரைக்கு மேல் அரையடி இருக்க வேண்டும். அதற்குக் கீழே துளிர்க்கும் தளிரெல்லாம் வேர்ச்செடியின் தளிர், இரக்கமில்லாமல் கிள்ளுங்கள். எங்கள் மல்லிகா ஒன்றில் அதைத் தளிர் நன்றாக வருகிறதென்று விட்டுவைத்தோம். மேலே இருந்த ஒட்டு கருகி, இன்று நிற்பது பெயர் தெரியாத ஒரு புளிப்பு மா. ஊறுகாய்க்கு ஆகிறது.

மாலை வேளையில் நடுங்கள். தண்டைச் சுற்றிச் சிறிது மேடாகவும், ஓரத்தில் வட்டப்பாத்தியாகவும் அமையுங்கள். முட்டுக்குச்சி நட்டுத் துணிக் கயிற்றால் தளர்வாகக் கட்டுங்கள். பாத்தி முழுதும் காய்ந்த இலைகளால் நாலு விரல் கனத்துக்கு மூடாக்குப் போடுங்கள். தண்டைத் தொடாமல் இருக்கட்டும். லேஅவுட்டில் கூட்டிக் கொளுத்தும் சருகு அத்தனையும் இதற்கு உதவும்.

தண்ணீர்க் கணக்கை முன்னாலேயே போட்டுக்கொள்ளலாம். ஒரு கன்றுக்கு ஒரு தடவைக்கு இருபது லிட்டர், வாரம் இரண்டு தடவை. பதினைந்து கன்றுக்கு வாரத்துக்கு 600 லிட்டர். பிப்ரவரி முதல் மே வரை பதினாறு வாரம் என்றால் 9,600 லிட்டர். ஆறாயிரம் லிட்டர் டேங்கரில் இரண்டு லோடுக்குள் அடங்கும். இது பெரிய செலவன்று. அதை யார் வரவழைப்பது, யார் ஊற்றுவது என்பதுதான் பெரிய விஷயம். ஆர்.ஓ. இயந்திரத்தின் கழிவு நீரில் உப்பு அதிகம்; அதையே தொடர்ந்து ஊற்றாதீர்கள். அரிசி, காய்கறி கழுவிய நீர் நல்லது. கன்றின் ஓரத்தில் அடியில் துளையிட்ட மண்பானை ஒன்றைப் புதைத்து நிரப்பி வைத்தால் ஊருக்குப் போகும் வாரங்களில் அது காக்கும்.

மாவுக்கு மூன்று கோடை இப்படிக் காக்க வேண்டும். அந்த மூன்று ஆண்டும் வரும் பூவைக் கிள்ளி எறிய வேண்டும் என்றால் பெண்கள் வருத்தப்படுவார்கள். ஆனால் சிறு மரத்தில் காய் விட்டால் வளர்ச்சி நின்றுவிடும். 2018 ஜூனில் நாங்கள் மறுபடி நட்டோம். 2024 மார்ச்சில் பெங்களூரில் கடும் தண்ணீர்ப் பஞ்சம் வந்து, குடிநீரைத் தோட்டத்துக்கு ஊற்றினால் ஐயாயிரம் ரூபாய் அபராதம் என்று குடிநீர் வாரியம் உத்தரவிட்டபோது எங்கள் மரங்களுக்கு வயது ஆறை நெருங்கியிருந்தது. மூடாக்கை மட்டும் கனமாகப் போட்டோம். எலுமிச்சை ஒன்று வாடியது. மற்றவை தாங்கிக்கொண்டன.

எழுதி வைத்த விதிகள்

அஜ்ஜா சொன்னதைத்தான் எங்கள் வசதிக்கேற்ப மாற்றி எழுதினோம். மரத்தில் யார் பெயரும் கிடையாது. மா, பலா, சப்போட்டா ஆகியவற்றின் மகசூல் பிஞ்சு பிடித்ததும் பொதுவில் ஏலம். லேஅவுட்வாசிகள் மட்டுமன்றிப் பழைய கிராமத்தாரும் கேட்கலாம். கொய்யாவும் நாவலும் பிள்ளைகளுக்கு. ஏணி, கல், கழி கூடாது, கைக்கு எட்டியது மட்டும். எலுமிச்சையும் நெல்லியும் குறித்த ஞாயிற்றுக்கிழமைகளில் ஒன்றாகப் பறித்து, வந்திருப்பவர்களுக்குச் சமமாகப் பங்கு. கேட்டுக்குப் பூட்டுக் கிடையாது. ஏலப்பணத்தில் முதல் செலவு அடுத்த கோடையின் டேங்கர், மீதி எரு. தண்ணீர் ஊற்றுவது வாரத்துக்கு இரண்டு வீடு முறை வைத்து. ஊருக்குப் போகிறவர் தம் முறையை இன்னொருவருக்கு மாற்றி, நோட்டில் எழுதிவிட்டுப் போக வேண்டும்.

உதிர்ந்த பழம் யாருடையது என்பதில் மட்டும் கிராமத்து வழக்கத்தைச் சற்று இறுக்கினோம். எடுப்பவருடையது, ஆனால் எடுத்தே ஆக வேண்டும். அழுகிய பழத்துக்குள் இருக்கும் பழ ஈயின் புழு மண்ணில் இறங்கிக் கூட்டுப்புழுவாகி, மறுபடி ஈயாகிக் கிளம்பும். ஒரு வாரம் கீழே கிடக்க விட்டால் அடுத்த பறிப்பில் பாதி சொத்தை. தினமும் பொறுக்கி, நல்லதை உண்டு, கெட்டதை ஆழப் புதைக்க வேண்டும். அல்லது கறுப்புப் பிளாஸ்டிக் பையில் கட்டி வெயிலில் போட்டுவிடலாம். வௌவால் கடித்ததை ஒருபோதும் உண்ண வேண்டாம். மரத்தில் இருக்கும்போதே ஈயைப் பிடிக்க மெத்தில் யூஜினால் பொறிகள் கடையில் கிடைக்கின்றன; மே மாதத்துக்கு முன் இரண்டு தொங்கவிட்டால் நல்ல பலன் தெரிகிறது.

விதிகளை மீறுபவர் இல்லையா என்றால், உண்டு. முதல் ஏலத்தின்போது, 2023-இல், இரவில் பத்துப் பதினைந்து மாங்காய் காணாமற் போயின. ஆனால் இந்த முறை குறை சொல்ல வேண்டியவர் ஏலம் எடுத்த ஒருவர்தான். ஊர் முழுதும் ஒருவரை ஒருவர் சந்தேகப்படவில்லை. அவர் அடுத்த நாளே தோப்பில் கட்டில் போட்டுப் படுத்துக்கொண்டார். துணைக்கு நான்கு பையன்கள் சேர்ந்துகொண்டார்கள். அவர்களுக்குத் தினமும் காலையில் உதிர்ந்த பழம்.

பதினொரு மாத ஒப்பந்தத்தில் இருந்த அந்த அன்பர் இப்போது எங்கள் லேஅவுட்டில் இல்லை. மூன்று வீடு மாறி ஊரின் மறுகோடிக்குப் போய்விட்டார். சென்ற ஏலத்துக்கு இரண்டு பஸ் மாறி வந்திருந்தார். ரஸ்புரி மரத்தைக் கேட்டார். கிராமத்துக்காரர் ஒருவர் இருநூறு ரூபாய் கூட்டிக் கேட்டு எடுத்துக்கொண்டார். நம்மவர், தாம் குழி வெட்டிய மரத்தடியில் சிறிது நேரம் நின்றுவிட்டு, உதிர்ந்து கிடந்த இரண்டு பிஞ்சைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினார்.